மகனின் இடது கையை அளக்கும் செயலி: மதிப்பெண் 62-இலிருந்து 48 ஆகிவிட்டது, இதை எப்படி எடுத்துக்கொள்வது?

வேணுவனம் (திருநெல்வேலி)

எல்லோருக்கும் வணக்கம். என் மகனுக்கு ஆறு வயது. குறைமாதத்தில் பிறந்தவன். உடலின் இடது பக்கத்தைப் பாதித்த பெருமூளை வாதம் என்று ஒன்றரை வயதில் சொன்னார்கள். நடக்கிறான், ஓடுகிறான், பள்ளிக்குப் போகிறான். இடது கைதான் எங்கள் கவலை. முழங்கை மடங்கியே இருக்கும், கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போய்விடும். வாரம் இரண்டு நாள் தெரபிக்கு அழைத்துப் போகிறோம்.

சென்ற மாதம் நாங்கள் போகும் மையத்தில் ஒரு புதிய செயலியைக் கொண்டுவந்தார்கள். மொபைலை எதிரில் வைத்துக் கையைத் தூக்கு, நீட்டு, தலையைத் தொடு என்கிறார்கள். திரையில் பையனின் உடம்பின் மேல் குச்சிக் குச்சியாகக் கோடுகள் விழுகின்றன. கடைசியில் நூற்றுக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண் வருகிறது. முதல் முறை 62. பத்து நாள் கழித்து 48. ஏன் குறைந்தது என்று கேட்டதற்கு, "செயற்கை நுண்ணறிவு கணக்கிட்டது, நாங்கள் ஒன்றும் மாற்ற முடியாது, வீட்டில் பயிற்சி போதவில்லை போலிருக்கிறது" என்று பதில் வந்தது. அன்று இரவு என் மனைவி சாப்பிடவில்லை. நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் அவனோடு உட்கார்ந்து பயிற்சி செய்பவள் அவள்.

பத்து நாளில் ஒரு குழந்தையின் கை இவ்வளவு மோசமாகுமா? இந்த எண்ணை நம்பலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பூங்கொடி_ஓடி (கோயம்புத்தூர்)

வேணுவனம் அண்ணா, முதலில் உங்கள் மனைவியிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். பதினான்கு ஆண்டுகளாகக் குழந்தைகளுக்கு ஆக்குபேஷனல் தெரபி செய்கிறேன். காய்ச்சல், வலிப்பு, எலும்பு முறிவு போன்ற ஏதாவது நடந்திருந்தால் தவிர, பத்து நாளில் இப்படி ஒரு சரிவு வருவதில்லை. அப்படி எதுவும் நடக்காமல் எண் மட்டும் சரிந்திருந்தால், முதலில் அளந்த விதத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும். தாயின் உழைப்பைக் குறை சொன்னவர்கள் மேல் எனக்குக் கோபமே வருகிறது.

சில கேள்விகள். இரண்டு முறையும் மொபைல் ஒரே இடத்தில், ஒரே உயரத்தில் இருந்ததா? பையன் நின்றானா, உட்கார்ந்தானா? முழுக்கைச் சட்டையா? காலையா, பள்ளி முடிந்து களைத்துப் போன மாலையா? வீடியோ எடுத்தவர் முதல் முறையும் இரண்டாம் முறையும் ஒருவரேதானா?

வேணுவனம்

முதல் முறை சனிக்கிழமை காலை, கையில்லாத பனியன், நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். இரண்டாம் முறை பள்ளிச் சீருடையோடு மாலை ஐந்தரை மணிக்கு, நின்றுகொண்டு. மொபைலை ஒரு பெண் கையில் பிடித்திருந்தார். நீங்கள் கேட்ட பிறகுதான் இதையெல்லாம் யோசிக்கிறேன்.

நிரலோடை (சென்னை)

கணினிப் பார்வைத் துறையில் வேலை செய்பவன் நான். உங்கள் மகனின் செயலி எது என்று தெரியாது. ஆனால் திரையில் குச்சிக் கோடுகள் விழுகின்றன என்றால் அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்ல முடியும்.

மென்பொருள் ஒவ்வொரு படத்திலும் தோள், முழங்கை, மணிக்கட்டு எங்கே இருக்கின்றன என்று ஊகித்துப் புள்ளி வைக்கிறது. கூகுளின் மீடியாபைப் என்ற மென்பொருள் உடம்புக்கு 33 புள்ளிகளும் ஒரு கைக்கு 21 புள்ளிகளும் வைக்கும். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான ஓப்பன்போஸும் இந்த வகைதான். தோளிலிருந்து முழங்கைக்கு ஒரு கோடு, முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு ஒரு கோடு, இரண்டுக்கும் இடையே கோணம். முழங்கை எவ்வளவு நீள்கிறது என்பது அந்தக் கோணம். இது வரை எளிய வடிவியல்.

சிக்கல் கேமராவில் தொடங்குகிறது. கை பக்கவாட்டில் நீண்டால் கேமரா முழு நீளத்தையும் பார்க்கும். அதே கை கேமராவை நோக்கி நீண்டால் படத்தில் குட்டையாகிவிடும், கோணமும் தவறாகும். மொபைலைக் கையில் பிடித்து அரை அடி நகர்த்தினால் போதும், குழந்தை ஒன்றும் மாறாமலே எண் மாறும். முழுக்கைச் சட்டை தொளதொளவென்று இருந்தால் முழங்கைப் புள்ளி துணியின் மடிப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். குழல் விளக்கின் குறைந்த வெளிச்சத்தில் கை வேகமாக அசைந்தால் படம் கலங்கும், மணிக்கட்டுப் புள்ளி துள்ளும். சில மொபைல்கள் வெளிச்சம் குறைந்ததும் நொடிக்கு 30 படம் என்ற கணக்கைத் தாமாகவே குறைத்துவிடும். அதைக் கவனிக்காத செயலியில் கையின் வேகம் பற்றிய எண் எல்லாமே பிழை.

இன்னொன்று, மிக முக்கியமானது. முன்பக்கக் கேமராவில் எடுத்தால் பல மொபைல்கள் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிவிடும். இடது கை வலது கையாகிவிடும். மீடியாபைப்பில் கையை அறியும் கணினி மாதிரியே (மாடல்), படம் கண்ணாடிப் பிம்பமாகத்தான் வருகிறது என்று வைத்துக்கொண்டு இடம் வலம் சொல்கிறது. பின்பக்கக் கேமரா படத்தை அப்படியே கொடுத்தால் இரண்டும் மாறிவிடும். ஒரு கை மட்டும் பாதிக்கப்பட்ட குழந்தைக்கு இதைவிடப் பெரிய பிழை வேறென்ன இருக்க முடியும்?

தெரபிஸ்ட் பின்னால் நின்று கையைத் தாங்கிப் பிடித்தாரா என்றும் பாருங்கள். இரண்டு பேர் ஒட்டி இருக்கும்போது பெரியவரின் முழங்கையைக் குழந்தையின் முழங்கை என்று எடுத்துக்கொள்ளும். இந்த மாதிரிகள் பெரும்பாலும் பெரியவர்களின் படங்களைப் பார்த்துக் கற்றவை. மடங்கிய மணிக்கட்டையும் உள்ளே போன கட்டைவிரலையும் அவை அதிகம் பார்த்ததில்லை.

பூங்கொடி_ஓடி

நிரலோடை சொன்னது கருவியின் பக்கம். குழந்தையின் பக்கத்திலிருந்து நான் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் துறையில் வீடியோ புதிதல்ல. ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த லேனா க்ரும்லிண்டே சுண்ட்ஹோமும் ஆன் கிறிஸ்டின் எலியாசனும் உருவாக்கிய 'அசிஸ்டிங் ஹேண்ட் அசெஸ்மென்ட்' 2003-இல் வெளியானது. சுருக்கமாக ஆஹா என்போம். உங்கள் மகனைப் போல ஒரு பக்கக் கை பாதித்த குழந்தைகளுக்காகவே செய்தது. இரண்டு கையும் தேவைப்படும் பொம்மைகளைக் கொடுத்து 10 முதல் 15 நிமிடம் விளையாட விட்டு வீடியோ எடுப்போம். பிறகு அமைதியாக உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்து, 20 கூறுகளுக்கு ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண் போடுவோம். அதற்கென்று பயிற்சி வகுப்பு முடித்துச் சான்று பெற்றவர்கள்தான் போடலாம். மெல்போர்னின் ராயல் சில்ட்ரன்ஸ் மருத்துவமனையில் பிறந்த மெல்போர்ன் அசெஸ்மென்ட்டும் வீடியோவைப் பார்த்துத்தான் மதிப்பிடப்படுகிறது. அதில் 14 செயல்கள்.

இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. மெல்போர்ன் சோதனையில் "இதை எடு, அங்கே வை" என்று சொல்லிக் கை என்ன செய்ய முடியும் என்று பார்க்கிறோம். ஆஹாவில் யாரும் எதையும் சொல்வதில்லை. அந்தக் கை தானாக முன்வந்து என்ன செய்கிறது என்று பார்க்கிறோம். நன்றாக நீட்டத் தெரிந்த கையைக்கூடப் பல குழந்தைகள் மடியிலேயே வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் மற்றக் கையாலும் பல்லாலும் முடித்துவிடுவார்கள். கையைத் தூக்கு என்று கட்டளையிட்டு அளக்கும் செயலிக்கு இந்தக் குழந்தை தெரியவே தெரியாது. கோணம் 150 என்று மகிழ்ச்சியாகச் சொல்லிவிட்டுப் போகும். வீட்டில் தாய் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டிருப்பாள்.

மல்லிகை_ஸ்காபரோ (டொராண்டோ)

பூங்கொடி அக்கா சொல்வதை வாசிக்கும்போது எங்கள் மகளின் முதல் வருடம் நினைவுக்கு வருகிறது. அவளுக்குப் பெருமூளை வாதம் அல்ல. பிறக்கும்போது தோள் சிக்கி, கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புப் பின்னல் இழுபட்டுவிட்டது. வலது கை துணி மாதிரித் தொங்கியது.

இங்கே சிக் கிட்ஸ் மருத்துவமனையில் இந்தப் பிள்ளைகளுக்கென்றே உருவாக்கிய ஓர் அளவுகோல் உண்டு. 15 அசைவுகளுக்கு 0 முதல் 7 வரை. முதலில் புவியீர்ப்புக்கு எதிராகத் தூக்கத் தேவையில்லாதபடி படுக்க வைத்துப் பார்ப்பார்கள். அந்த நிலையில் முழு அசைவும் வந்தால் 4. அதன் பிறகுதான் புவியீர்ப்புக்கு எதிராகத் தூக்கச் செய்து 5, 6, 7. ஒரே முழங்கை, ஒரே கோணம், ஆனால் படுத்திருந்தால் ஓர் அர்த்தம், உட்கார்ந்திருந்தால் வேறு அர்த்தம். வேணுவனம் அண்ணா, உங்கள் மகனை ஒரு முறை இருத்தியும் ஒரு முறை நிறுத்தியும் எடுத்திருக்கிறார்கள். அந்த இரண்டையும் ஒப்பிட்டதே பிழை.

ஒன்பதாம் மாதத்தில் பிஸ்கட் சோதனை செய்தார்கள். மேல்கையை உடம்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கையில் பிஸ்கட்டைக் கொடுப்பார்கள். பிள்ளை அதை வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். கழுத்தை 45 பாகைக்கு மேல் குனிந்து வாயைப் பிஸ்கட்டிடம் கொண்டுபோனால் தேறவில்லை. அதைப் பொறுத்துத்தான் அறுவைச் சிகிச்சை வேண்டுமா என்ற பேச்சு. மகள் அன்று கழுத்தைக் குனிந்துதான் சாப்பிட்டாள். வாய்க்கும் பிஸ்கட்டுக்கும் உள்ள தூரத்தை மட்டும் ஒரு கணினி அளந்திருந்தால் வெற்றி என்று எழுதியிருக்கும். எங்களோடு இருந்த தெரபிஸ்ட் கழுத்தைப் பார்த்தார்.

நிரலோடை

கழுத்தையும் பார்க்கச் சொல்லலாம், அக்கா. மூக்குக்கும் தோளுக்கும் இடையிலுள்ள கோணத்தையும் சேர்த்து அளக்கும்படி நிரல் எழுதுவது ஒரு மணி நேர வேலை. எதைப் பார்க்க வேண்டும் என்று எங்களுக்கு யாராவது சொல்ல வேண்டும், அதுதான் நடப்பதில்லை. தெரபிஸ்ட் ஒருவரும் இல்லாத அறையில் இப்படிப்பட்ட செயலிகள் எழுதப்படுவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

கமுதிக்காரன் (இராமநாதபுரம்)

எல்லோரும் குறைகளையே சொல்கிறீர்கள். நான் பணிபுரியும் ஊர்களிலிருந்து ஒரு குரல். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் வீடுகளுக்கு மோட்டார் சைக்கிளில் போகும் களப்பணியாளன் நான். சான்று பெற்ற ஆஹா தெரபிஸ்டை எங்கள் பக்கத்துத் தாய்மார்கள் வாழ்நாளில் பார்க்கப் போவதில்லை. மதுரைக்கு ஒரு முறை போய்வந்தால் ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு வேறு, மற்றப் பிள்ளைகளை யாரிடம் விட்டுப் போவது என்ற கவலை வேறு. மொபைல் மட்டும் எல்லா வீட்டிலும் இருக்கிறது. அதில் எடுத்த இரண்டு நிமிட வீடியோ எங்கோ இருக்கும் நல்ல கண்ணுக்குப் போய்ச் சேர்ந்தால் அதுவே பெரிது.

பச்சைக் குழந்தைகளில் இது ஏற்கெனவே நடந்திருக்கிறது. 2022-இல் வந்த ஓர் ஆய்வில் இந்தியா, நார்வே, பெல்ஜியம், அமெரிக்கா ஆகிய நாடுகளின் 13 மருத்துவமனைகளில் எடுத்த 557 குழந்தைகளின் வீடியோவைக் கணினிக்குக் கொடுத்துப் பெருமூளை வாதத்தை முன்கூட்டியே சொல்ல வைத்தார்கள். நார்வேயின் ட்ரோண்ட்ஹெய்ம் குழுவும் நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் இதற்கு முன்பே சேர்ந்து வேலை செய்தவர்கள். இதையும் சந்தேகப்படுவீர்களா?

பூங்கொடி_ஓடி

தம்பி, அந்த ஆய்வைச் சந்தேகப்படவில்லை, மதிக்கிறேன். அது பார்த்தது வேறு. பிரசவத்துக்கு எதிர்பார்த்த நாளிலிருந்து மூன்று நான்கு மாதத்தில், மல்லாந்து கிடக்கும் குழந்தை கழுத்து, உடம்பு, கை, கால் எல்லாவற்றிலும் சின்னச் சின்னதாக ஓயாமல் நெளியும். ஆஸ்திரியாவில் பிறந்து நெதர்லாந்தின் க்ரோனிங்கனில் நெடுங்காலம் பணியாற்றிய ஹைன்ஸ் பிரெக்டல் அதைப் பல ஆண்டுகள் பார்த்துப் பார்த்து வகைப்படுத்தினார். அந்த நெளிவு இல்லாமல் போனால் மூளையைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். ஆறு வயதுப் பையன் முறுக்கு டப்பாவை எப்படித் திறக்கிறான் என்பது முற்றிலும் வேறு கேள்வி.

அந்த ஆய்வின் எண்களையும் முழுதாகச் சொல்வோம். பெருமூளை வாதம் வரப்போகும் 100 குழந்தைகளில் சுமார் 71 பேரைக் கணினி பிடித்தது. வராத 100 பேரில் சுமார் 94 பேரைச் சரியாக ஒதுக்கியது. அதே குழந்தைகளைப் பயிற்சி பெற்றவர்கள் பார்த்துச் சொன்னதற்கு இது ஏறக்குறைய இணை. நல்ல சாதனை. ஆனாலும் 29 தாய்மார்களிடம் "ஒன்றுமில்லை" என்று சொல்லியிருக்கும். கமுதி வட்டாரத்தில் அந்த ஒரு சொல்லை நம்பி ஒரு குடும்பம் இரண்டு ஆண்டு வீட்டிலேயே இருந்துவிட்டால்? ஆம் என்று கணினி சொன்னால் உடனே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இல்லை என்று சொன்னாலும் தாய்க்குச் சந்தேகம் இருந்தால் போங்கள்.

நீங்கள் சொன்ன இரண்டு நிமிட வீடியோவை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். அனுப்புங்கள், பார்க்கிறேன். மாதத்துக்கு நான்கு பிள்ளைகள் வரை என்னால் முடியும்.

கமுதிக்காரன்

மிக்க நன்றி மேடம். தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன்.

சட்டம்_தேன்மொழி (மதுரை)

வீடியோ அனுப்புவது என்றதும் நான் உள்ளே வர வேண்டியிருக்கிறது. என் மகளுக்கும் இதே பிரச்சினை. வழக்கறிஞர் நான்.

சட்டை இல்லாத குழந்தையின் வீடியோ, முகத்தோடு, ஒரு நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது. அங்கே எத்தனை ஆண்டுகள் இருக்கும், அடுத்த மாதிரியைப் பயிற்றுவிக்க அதைப் பயன்படுத்துவார்களா, நாளை அந்த நிறுவனம் விற்கப்பட்டால் யாரிடம் போகும்? 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லோரையும் குழந்தை என்கிறது. பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. தெரபி மையத்தில் நோட்டுப் புத்தகத்தில் வாங்கும் ஒரு கையெழுத்து எதற்கான ஒப்புதல் என்று கேளுங்கள். சிகிச்சைக்கு நான் சம்மதிக்கிறேன், பயிற்றுவிக்கும் தரவாக என் மகளைக் கொடுக்கச் சம்மதிக்கவில்லை என்று தனியாக எழுதிக் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. நான் கொடுத்தேன். முகம் சுளித்தார்கள், பிறகு வாங்கிக்கொண்டார்கள்.

கோணத்தை மொபைலிலேயே கணக்கிட்டுவிட்டு வீடியோவை வெளியே அனுப்பாத செயலிகள் எழுத முடியாதா, நிரலோடை?

நிரலோடை

முடியும். மீடியாபைப் மொபைலுக்குள்ளேயே ஓடும், இணையம்கூடத் தேவையில்லை. புள்ளிகளின் எண்களை மட்டும் அனுப்பினால் போதும். அனுப்புகிறவர்கள் வேறு காரணத்துக்காக அனுப்புகிறார்கள்.

சக்கரநாற்காலி_அப்பா (ஈரோடு)

என் மகனுக்கு டூஷேன் தசைச் சிதைவு. 13 வயது, நடப்பது நின்று இரண்டு ஆண்டு ஆகிறது. சுருக்கமாக ஒன்று சொல்கிறேன். இந்த நோயில் மருந்துச் சோதனைகள் நீண்ட காலம் ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறான் என்பதையே அளந்தன. நடக்க முடியாத பிள்ளை சோதனைக்கு வெளியே. கையை அளக்க ஒழுங்கான வழி இருந்தால் அவனுக்கும் இடம் கிடைக்கும். அமெரிக்காவில் ஒஹாயோவின் கொலம்பஸில் எக்ஸ்பாக்ஸின் கினெக்ட் கேமராவை வைத்து, உட்கார்ந்த இடத்திலிருந்து கை எட்டும் பரப்பை ஒரு விளையாட்டாக அளந்தார்கள். பிறகு மைக்ரோசாஃப்ட் 2017-இல் அந்தக் கேமராவைத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டது. கருவியை ஒரு நிறுவனம் கைவிட்டாலும் அளவு கைவிடப்படக் கூடாது என்பது என் ஆதங்கம். எங்களைப் போன்றவர்களுக்குக் கையின் கடைசி நான்கு விரல் அசைவு வரை எண்ணப்பட வேண்டும். இந்தத் தொழில்நுட்பத்தை வேண்டாம் என்று யாரும் சொல்லிவிடாதீர்கள்.

வேணுவனம் *(மூன்று வாரம் கழித்து)*

திரும்ப வந்திருக்கிறேன். நிரலோடை தம்பி சொன்னபடி வீட்டில் செய்து பார்த்தோம். தரையில் செங்கல் வைத்து அடையாளம், அதன் மேல் ட்ரைபாட், நாற்காலிக்கு வலது இடது பக்கங்களில் சுண்ணாம்புக் கோடு. கையில்லாத பனியன். ஞாயிறு காலை ஒன்பது மணி, இட்லி சாப்பிட்ட பிறகு. பக்கவாட்டிலிருந்து பின்பக்கக் கேமரா. மேசையில் ஒரு பந்து, அதை எட்டிப் பிடிக்க வேண்டும். அரை மணிக்குள் மூன்று முறை எடுத்தோம். தம்பி அனுப்பிய நிரல் முழங்கைக் கோணத்தைச் சொன்னது: 131, 138, 127.

ஒரே நாள், ஒரே நாற்காலி, ஒரே பையன். அப்போதும் 11 பாகை ஆடுகிறது. இதை மனைவிக்குக் காட்டினேன். அவள் நெடுநேரம் அந்த மூன்று எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். 62-உம் 48-உம் பற்றி அதன் பிறகு வீட்டில் யாரும் பேசவில்லை. மையத்திலும் இந்த மூன்று எண்களைக் காட்டினேன். இனி ஒரே நாற்காலியில், ஒரே நேரத்தில் எடுப்பதாக ஒப்புக்கொண்டார்கள்.

பூங்கொடி_ஓடி

இந்த 11 பாகைதான் உங்கள் தராசின் ஆட்டம். அதற்குள் வரும் ஏற்ற இறக்கத்தை முன்னேற்றம் என்றோ பின்னடைவு என்றோ படிக்காதீர்கள். மூன்று முறை எடுத்து நடு எண்ணை எழுதி வையுங்கள், மாதம் ஒரு முறை போதும். பயிற்சி பெற்ற கண்ணுக்கும் இந்த ஆட்டம் உண்டு. ஆஹாவில் 0 முதல் 100 வரையிலான அளவில் 5 அலகு மாறினால்தான் உண்மையான மாற்றம் என்று எடுத்துக்கொள்கிறோம். இப்படி ஒரு எல்லையைச் சொல்லாத எந்தச் செயலியும் எண்ணைத் திரையில் காட்டவே கூடாது என்பது என் கருத்து. மையத்தில் கேளுங்கள்: உங்கள் மதிப்பெண்ணில் எத்தனை புள்ளி மாறினால் குழந்தை மாறிவிட்டான் என்று பொருள்?

வேணுவனம்

கேட்டேன் மேடம். பதில் இல்லை.

இன்னொன்று. மூன்றாவது முறை எடுத்து முடித்ததும் மொபைலை நிறுத்த மறந்துவிட்டேன். அவன் நாற்காலியிலிருந்து இறங்கிப் பாட்டியின் முறுக்கு டப்பாவை எடுக்கப் போனது ஓரத்தில் பதிவாகியிருக்கிறது. மூடி இறுக்கமானது. இடது முன்கையால் டப்பாவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வலது கையால் திருகித் திறந்திருக்கிறான். விரலைப் பயன்படுத்தவில்லை, கட்டைவிரல் உள்ளேதான் இருக்கிறது. யாரும் அவனிடம் இடது கையை எடு என்று சொல்லவில்லை. இதற்கு நிரல் ஒன்றும் சொல்லவில்லை, பாதி உடம்பு படத்துக்கு வெளியே இருப்பதால் புள்ளிகளே விழவில்லை. இதை உங்களுக்கு அனுப்பலாமா? டப்பாவைத் திறக்கும் இடத்தை மட்டும் வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன்.

பூங்கொடி_ஓடி

வெட்டாதீர்கள் அண்ணா! இறங்கி நடந்து போவதிலிருந்து முழுதாக வேண்டும். டப்பாவை நோக்கி எந்தக் கை முதலில் நகர்கிறது, வலது கை தோற்ற பிறகு இடது கை வந்ததா, அல்லது முதலிலேயே வந்ததா என்று பார்க்க வேண்டும். முன்கையால் அணைத்துப் பிடிப்பதற்கும் எங்கள் தாளில் மதிப்பெண் உண்டு.

வேணுவனம்

மூல வீடியோவை அழிக்கவில்லை. இன்று இரவு அனுப்புகிறேன். முகம் தெரிகிறது, உங்களுக்கு மட்டும்.